செபிசேவ் முறை: விடை ஒருங்காமல் ஏறிக்கொண்டே போகிறது, அவசரம்

அறிவியல்நகர் மாணவி:
தொடரைக் கெதியாக ஒருங்கவைக்க, அதாவது சில உறுப்பிலேயே கூட்டுத்தொகையைக் கிட்ட, செபிசேவின் நிமிர்கோணப் பல்லுறுப்பி முறையில் நிரல் எழுதினேன். உறுப்பைக் கூட்டக் கூட்ட விடை ஏறுகிறது. நாளைக்கு ஒப்படை. எங்கே பிழை?

மாங்குளத்தான்:
எந்தத் தொடர், தங்கச்சி? குறி மாறி மாறி வருமா? என்ன விடை வந்தது?

நந்திக்கடல்:
கணினி எண்ணைச் சுருக்குவதில் இலக்கம் தொலைகிறது. கூட இலக்கம் வைத்திருக்கும் இரட்டைத் துல்லியத்துக்கு மாற்றுங்கோ.

வாத்தியார்:
நிரலைப் பிரதி பண்ண முதல் மூலத்தைப் படிக்க வேண்டும். கோகன், ரொட்ரிகஸ் வில்லேகாஸ், சாகியர் மூவரும் 2000இல் வெளியிட்ட முறை இது. எல்லாத் தொடருக்கும் பொருந்தாது. அடிப்படை இல்லாமல் இதைத் தொடக்கூடாது.

புளியங்குளம்:
பிள்ளை படிக்கத்தானே கேட்கிறது, சேர். தங்கச்சி, தொடரைக் கெதியாக்க எய்ட்கனின் 1926 முறையும் இருக்கு, அதைப் போடுங்கோ, மூன்று வரிதான்.

அறிவியல்நகர் மாணவி:
மன்னிக்கவும். 1 − 1/2 + 1/3 − 1/4… மூன்று உறுப்புக்கு 1.5017 வருகிறது, 0.6931 வர வேண்டும். போனில் சார்ஜ் 6 வீதம், நிரல் போட முடியவில்லை.

மாங்குளத்தான்:
சரி, பிடிபட்டுவிட்டது. கொப்பியில் போட்டுப் பார்த்தேன். மூன்று உறுப்புக்கு நிறைகள், அதாவது உறுப்புகளைப் பெருக்கும் எண்கள், 98, −80, 32. கடைசியில் 99ஆல் வகுக்க வேண்டும். 98 − 40 + 10.667 = 68.667, வகுத்தால் 0.6936. நீங்கள் இரண்டாம் உறுப்பை −1/2 என்றே கொடுத்திருக்கிறீர்கள். கழித்தல் நிறைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு தரம் போட்டதால் 98 + 40 + 10.667 ஆகி, 1.5017. உறுப்பைக் குறியில்லாமல் கொடுங்கோ. துல்லியத்தில் பிழையில்லை, மூன்று உறுப்பில் என்ன இலக்கம் தொலையும்?

அந்த 99 எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கோ. மூன்றாம் படிச் செபிசேவ் பல்லுறுப்பியில் 3ஐப் போட்டால் 4×27 − 9 = 99. −1க்கும் 1க்கும் இடையில் 1ஐத் தாண்டாமல் அடங்கிக் கிடப்பது, 3இல் இவ்வளவு உயரம் பாய்கிறது. அதனால்தான் ஓர் உறுப்புக் கூட, வழு ஏறத்தாழ 5.8 மடங்கு குறைகிறது. எனக்கு இந்தக் கணக்கில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

புளியங்குளம்:
எய்ட்கனிலும் அதே மூன்று உறுப்பில் 0.7 வரும்.

மாங்குளத்தான்:
நேரே கூட்டி 0.8333 எடுப்பதைவிட நல்லதுதான், அண்ணை. ஆனால் 0.6936 இன்னும் கிட்ட.

சென்னைவாசி:
பல்லுறுப்பியா? பல்லுறுப்புக்கோவை என்பதுதானே சரி?

வாத்தியார்:
எங்கள் பாடநூலில் பல்லுறுப்பிதான். பரீட்சையிலும் அப்படித்தான் எழுத வேண்டும்.

புளியங்குளம்:
இரண்டும் தமிழ்தான், விடுங்கோ. எய்ட்கனைத் திரும்பத் திரும்பப் போட்டால் என்ன வரும் என்று பார்த்தீர்களா?

அறிவியல்நகர் மாணவி:
குறியை எடுத்தேன். 10 உறுப்பில் 0.693147. நன்றி அண்ணை.