101 ரம்மியும் பாயிண்ட் ரம்மியும்: ஆட்டத்தை எங்கே மாத்தணும்? (ராமநாதபுரம் கரையோர ஊர்க்காரங்க அஞ்சு பேர் சொல்றது)

மண்டபம்:
போக்கர்ல டோர்னமென்ட், கேஷ் கேம்னு பிரிக்கிறாங்களே, நம்ம ரம்மியில 101-ம் பாயிண்டும் அப்படித்தான். பாயிண்ட்ல ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அங்கேயே கணக்கு தீர்ந்துரும். சேராத சீட்டோட எண்ணிக்கை 12-ல தோத்தா 12 போச்சு. 101-ல எண்ணிக்கை ஆட்டத்துக்கு ஆட்டம் சேர்ந்துக்கிட்டே போகும், 101-ஐத் தொட்டவர் வெளிய. அங்க 12-ல தோக்கிறது லாபம், ஆடாமலே கையை மடக்கிப் போடுற ஸ்கூட்டே 20 ஆச்சே. மீன்பிடித் தடைக்காலத்துல, ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும், பாயிண்டா ஆடிப் பழகின கை 101-க்கு வந்தா டிக் அடிக்கிற (சீட்டெல்லாம் சேர்த்து ஆட்டத்தை முடிக்கிற) ஆசையில ராஜா ராணியைக் கடைசி வரைக்கும் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். அடி விழுறது அங்கதான்.

தங்கச்சிமடம்:
மண்டபத்து அண்ணே சொன்னதுக்கு மேல ஒரு கணக்கு. ஸ்கூட் 20, பாதியில மடக்கினா மிடில் ஸ்கூட் 40, எதுவும் சேராம தோத்தா ஃபுல்லு 80. அதனால 20, 40, 60, 80 நாலும் வரப்பு மாதிரி. 54-ல இருக்கீங்க, எதிராளி டிக் அடிக்கிறார், கையில சேராம நிக்கிறது ஒரு 6. மொத்தம் 60, இன்னும் ரெண்டு ஸ்கூட் மிச்சம். அதே சீட்டு 7-ஆ இருந்தா 61, ஒண்ணே ஒண்ணுதான். பாயிண்ட்ல இந்த ஒரு புள்ளியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. இன்னொண்ணு: 20-ல ஃபுல்லு வாங்கினா 100, ஆட்டத்துல இருக்கலாம். 21-ல வாங்கினா எந்திரிக்க வேண்டியதுதான்.

பாம்பன்:
80-ஐத் தாண்டினவர் கம்பல்சரி, ஸ்கூட் போட்டாலே வெளிய. கை எவ்வளவு மோசமா இருந்தாலும் ஆடித்தான் ஆகணும். எண்ணிக்கைக்குப் பயந்து பெரிய சீட்டைத்தான் முதல்ல கழட்டுவார். அவருக்கு அடுத்த இடம் உங்களுதுன்னா ராணி-குலாம் ஜோடியை ரெண்டு மூணு சுத்து வெச்சுப் பார்க்கலாம், ராஜாவோ பத்தோ விழ வாய்ப்பு உண்டு. ரெண்டு பேர் கம்பல்சரி, நீங்க 20-ல இருந்தா சுமாரான கையை ஸ்கூட் போட்டு அவங்களையே மோத விடுங்க.

தொண்டி:
பாயிண்ட் பக்கமும் சொல்லணுமே. ஆறு பேர் ஆட்டத்துல லைஃப் (ஜோக்கர் சேராத வரிசை) இல்லாம, ஜோக்கரும் இல்லாம உட்காரவே கூடாது. 20-ஐக் கொடுத்துட்டு அடுத்த கைக்குப் போங்க. ரெண்டே பேர்னா ஒரு ஜோக்கரும் ரெண்டு நல்ல ஜோடியும் போதும், ஆடலாம். இதெல்லாம் புளியங்கொட்டை வெச்சு ஆடுறவங்களுக்கு. காசு கட்டி ஆன்லைன்ல ஆடுறதுக்கு 2025-லயே மத்திய சட்டம் தடை போட்டாச்சு.

கீழக்கரை:
101-ல வெளிய போனவர் மறுபடி உள்ள வர்ற ரீ-ஜாயின் உண்டா இல்லையான்னு சீட்டு போடுறதுக்கு முன்னாடியே பேசிருங்க. பெரும்பாலும் உள்ள இருக்கிற யாரும் 79-ஐத் தாண்டியிருக்கக் கூடாது, உள்ளதுலயே பெரிய எண்ணிக்கைக்கு ஒண்ணு கூட்டி உட்காரணும். அப்படின்னா 60-ல இருக்கிறவர் ஒரு ஸ்கூட் போட்டு 80-க்குப் போனாலே வெளிய போனவருக்குக் கதவு அடைபட்டுரும். அந்த ஸ்கூட்டைப் பயந்து போட்டதுன்னு நினைச்சிராதீங்க. அப்புறம், கச்சான் காத்துல திண்ணையில ஆடுறவங்க கழட்டின சீட்டு கிடக்கிற திறந்த கட்டு மேல வலை ஈயம் ஒண்ணை வெச்சிருங்க. பழைய சீட்டு புரண்டு தெரிஞ்சா அந்த ஆட்டமே சண்டையில போயிரும்.