டாசியரின் வளைவாள்: வயலில் பிறந்ததா, போருக்கென்றே அடித்ததா?

கதிரோன்: டாசியர் (இன்றைய ருமேனியாவில் வாழ்ந்து, ரோமப் பேரரசர் டிராஜனோடு போரிட்டவர்கள்) இரு கைகளாலும் வீசிய ஃபால்க்ஸ் என்ற வளைவாள் அறுவடைக் கருவியிலிருந்து வந்தது என்பதே என் கட்சி. உள்வளைவில் வெட்டுவாய், வெளியே தடித்த முதுகு. கதிரரிவாளும் அதே அமைப்புதான். டாசியரின் தலைநகரான சர்மிசெகெதுசா ரெஜியாவில் இரும்புக் கருவிகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றை அடித்த கொல்லனுக்கு அலகை நீட்டுவது பெரிய வேலையா?

நெடும்பனை: கதிரரிவாள் மெல்லிசு. தாளைப் பிடித்து இழுத்து அறுக்கத்தான் ஆகும், ஓங்கி வெட்டினால் மடங்கிவிடும். டான்யூப் ஆற்றுக்குத் தெற்கே வாழ்ந்த திரேசியரின் இருகைவாளான ரொம்ஃபையாவைப் பாருங்கள். ஒற்றை வாய், நேரான அல்லது லேசாக வளைந்த அலகு, பிடிக்குள் போகும் நீண்ட காம்பு. கி.மு. 168 பித்னா போரில் திரேசியர் அதை வலத்தோளில் சுமந்து வந்ததை கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். இருகைப் போர்வாள் அந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல.

கதிரோன்: ரொம்ஃபையா ஏறக்குறைய நேர்வாள். அந்த வளைவு எங்கிருந்து வந்தது? டாசியப் போர்களைச் செதுக்கிய ரோம் நகரத்து டிராஜன் தூணில் டாசியர் கையில் இருப்பதெல்லாம் வளைந்ததுதானே?

நெடும்பனை: தூணில் (கி.பி. 113) பெரும்பாலும் இருப்பது ஒருகை சிக்கா, அதாவது வளைந்த குத்துவாள். இருகை ஆயுதம் தெளிவாகத் தெரிவது ருமேனியாவில் டிராஜன் எழுப்பிய அடம்கிலிசி வெற்றிச்சின்னத்தில் (கி.பி. 109). இரண்டையும் கலக்காதீர்கள். கி.மு. 2, 1ஆம் நூற்றாண்டு வீரர் புதைகுழிகளில், வடமேற்கு பல்கேரியாவிலும் தென் ருமேனியாவிலும், சிக்கா கிடைக்கிறது. சிலவற்றின் அலகில் பறவை உருவங்கள் செதுக்கியிருக்கின்றன. புல்லறுக்கிற இரும்பில் யார் அதைச் செய்வார்? உள்வாய் வளைவு டிராஜனுக்கு இருநூறு ஆண்டுக்கு முன்பே போர்க்கருவியாக இருந்தது.

உலைக்கூடம்: வடிவத்தின் வேலையையும் பேசுங்கள். எடை மூக்கில் சேர்வதால் வீச்சின் விசை முழுவதும் சின்ன முனையில் இறங்கும். கேடய விளிம்பைத் தாண்டியும் முனை உள்ளே போகும். அடம்கிலிசியில் ரோமர் வலக்கைக்குத் தகட்டுக் கவசமும் காலுக்குக் காப்பும் போட்டிருப்பதற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள். வாளோங்கும் கை கேடயத்துக்கு வெளியே வந்துவிடுகிறதல்லவா! தலைக்கவசத்தின் மேல் குறுக்குப் பட்டைகள் ஏறியதும் அதே காலம்.

மாதிரி அடிப்பவர்களுக்கு: முதுகு 6 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். நீரில் தோய்த்தால் வாய்ப்பக்கம் விரிந்து வளைவு கொஞ்சம் நிமிரும், அதனால் முதலிலேயே சற்றுக் கூடுதலாக வளையுங்கள். தோய்த்ததை மறுபடி லேசாகச் சூடாக்கிப் பதமிறக்கும்போது வாய் ஊதா நிறத்துக்கு வரவேண்டும், ஏறக்குறைய 280 டிகிரி செல்சியஸ். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் முனை தெறித்துவிடும். பிடி உருண்டையாக இருந்தால் அடி விழும்போது கையில் திரும்பிக்கொள்ளும், முட்டை வடிவில் செதுக்குங்கள். வளைவு செங்கோணத்தை நெருங்கினால் முனை குத்தி மாட்டிக்கொள்ளும், பிடுங்குவதற்குள் எதிரி உள்ளே வந்துவிடுவான்.

கதிரோன்: சிக்கா வாதம் வலுவானதுதான். ஆனால் அது 30 செ.மீ. சுமாருக்கான குத்துவாள். அதை இருகை ஆயுதமாக்கிய நீளப்பிடிக்கு ரொம்ஃபையாதான் மூலம் என்றால், அது பெரும்பாலும் கிடைப்பது ரோடோப் மலைப்பக்கம், டான்யூபுக்கு வெகு தெற்கே. கிளை கழிக்கும் நீள்பிடி அரிவாளோ டாசியர் வாழ்ந்த, காடு நிறைந்த ஒராஷ்டியே மலையில் வீட்டுக்கு வீடு தேவைப்பட்டிருக்கும். டான்யூபுக்கு வடக்கே, டாசியர் குழியிலேயே, ரொம்ஃபையா வரிசை ஒன்றைக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.