தாய்மாமனுக்கு ஆகாதுன்னு சொல்ற ரோகிணிய மொட்டமாடில நின்னு பாத்த கதை

எல்லாரும் அவங்கவங்க நட்சத்திரத்த பத்தி எழுதுறீங்களேன்னு நானும் வந்துட்டேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. எங்க அக்கா பொண்ணு ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி. ரோகிணில பொறந்தா தாய்மாமனுக்கு ஆகாதுன்னு நம்ம பக்கம் ஒரு பேச்சு இருக்குல்ல, கண்ணன் பொறந்ததும் கம்சனுக்கு நாள் எண்ண ஆரம்பிச்ச கதைல இருந்து வர்றது. எங்க வீட்ல இருக்குற ஒரே தாய்மாமன் நான்தான்.

பாட்டி விடுவாங்களா. புள்ள மூஞ்சிய நேரா பாக்கக்கூடாதுன்னு ஒரு கிண்ணத்துல நல்லெண்ணெய ஊத்தி, அக்கா புள்ளைய அது மேல லேசா சாய்ச்சுப் பிடிக்க, நான் எதிர்ல உக்காந்து எண்ணெய்க்குள்ள ஆடுற மஞ்சள் மூஞ்சியத்தான் மொதல்ல பாத்தேன். அப்புறம் ரோகிணிக்காரங்களுக்கு விசேஷம்னு காஞ்சிபுரம் பாண்டவதூதப் பெருமாள் கோயிலுக்கும் போய் வந்தாச்சு. இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ற ரோகிணி நட்சத்திரம் வானத்துல எங்க இருக்காருன்னு கேட்டா மட்டும் வீட்ல ஒருத்தருக்கும் தெரியல. அஸ்வினி, பரணி, கார்த்திகைன்னு 27-யும் மூச்சு விடாம சொல்ற பாட்டிக்கே தெரியல.

2025 ஜனவரில மழை மேகம் எல்லாம் போனப்புறம் ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு எல்லாரையும் மாடிக்கு ஏத்திட்டேன். கண்டுபிடிக்கிறது ரொம்ப ஈஸிங்க. கிழக்கால மூணு நட்சத்திரம் வரிசையா நிக்கும், ஓரியன் பெல்ட், அந்தக் கோட்ட அப்படியே மேல இழுத்துட்டே போனா தட்டுப்படுற மொத ஆரஞ்சு நட்சத்திரம்தான் ரோகிணி, இங்கிலீஷ்ல ஆல்டெபரான். சென்னைல கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலயே வந்துடும். கலர்னா எல்ஈடி வர்றதுக்கு முன்னாடி தெருவுல எரிஞ்ச சோடியம் லைட் கலர். பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் திருவாதிரையும் செவப்பாத்தான் இருக்கும், குழப்பிக்காதீங்க.

அன்னிக்கு பக்கத்துலயே இன்னொண்ணு பளீர்னு வெள்ளையா நின்னுச்சு. அது வியாழன்னு சொன்னதும் பாட்டி சட்டுன்னு, "ஆமாண்டா, குரு ரிஷபத்துலதான இருக்காரு, போன மே மாசம்தான பெயர்ச்சி ஆச்சு"ன்னாங்க பாருங்க. நான் ஆப் வச்சு தேடுனத அவங்க காலண்டர் அட்டைய வச்சே சொல்லிட்டாங்க. எனக்கு இதெல்லாம் நம்பிக்க இல்ல, ஆனா காலண்டர்ல போட்டிருக்குற குருவும் ரோகிணியும் நெஜமாவே மேல ஜோடியா நிக்கிறத பாத்தப்ப புல்லரிச்சுது, ஒத்துக்கணும்.

பைனாகுலர்ல பாத்தா சுத்தி குட்டி குட்டியா V மாதிரி ஒரு கூட்டம், ஹயடீஸ், அதான் காளையோட மூஞ்சி, நம்ம ரோகிணி அதுல ஒரு கண்ணு. ஆனா அந்தக் கூட்டம் இருக்குறது 150 ஒளியாண்டு (வெளிச்சம் ஒரு வருஷத்துல போற தூரம்தான் ஒரு ஒளியாண்டு) தூரத்துல, இவரு 65-லயே நிக்கிறாரு, சும்மா நடுவுல வந்து போஸ் குடுக்குறாரு. சூரியன விட 44 மடங்கு அகலம், ஆனா மேல்பரப்பு சூடு 3,900 கெல்வின்தான், சூரியன் 5,800. நடுவுல இருந்த ஹைட்ரஜன் தீந்து போய் ஊதிக் கெடக்குற வயசான நட்சத்திரம், அதான் இந்தக் கலரு. அம்மாவுக்கும் 65, நீ பொறந்தப்ப கெளம்புன வெளிச்சம்மா இதுன்னேன். அம்மாவும் ரோகிணிதான். "அதான் ஜாதகத்துல போட்ட பலன் ஒண்ணும் இன்னும் வந்து சேரலயா"ன்னு கேட்டுட்டு கீழ எறங்கிட்டாங்க.

———

அம்மா பதில் செம்ம ப்ரோ 😂 நான் டெக்சாஸ்ல இருந்து. 2017 மார்ச் 4 சனிக்கிழமை ராத்திரி இங்க சந்திரன் ரோகிணிய மறைச்சதப் பாத்தேன். அரை நிலா, இருட்டா இருக்குற பக்கம்தான் முன்னாடி வரும், அந்த விளிம்பு நம்ம கண்ணுக்கே தெரியாது, ஆரஞ்சு புள்ளி ஒண்ணு தனியா நிக்குது, நிக்குது, பொசுக்குனு காணோம். மங்கி மங்கி போகும்னு காத்துட்டு இருந்தேன், அதெல்லாம் கெடையாது. 1497 மார்ச் 9 அன்னிக்கு இதே மாதிரி ஒரு மறைப்ப இத்தாலில இருக்குற போலோன்யால, பூமிதான் சூரியன சுத்துதுன்னு சொன்ன கோப்பர்நிக்கஸ் பாத்து குறிச்சு வச்சிருக்காரு. சந்திரன் பாதை ஆடி ஆடி திரும்ப பழைய எடத்துக்கு வர 18.6 வருஷம் ஆகும். 2015-ல இருந்து 2018 வரைக்கும் மாசா மாசம் உலகத்துல எங்கயாவது ரோகிணிய மறைச்சுட்டு இருந்தாரு, இப்ப அக்கா கார்த்திகை வீட்டுப் பக்கம் போயிட்டாரு, மறுபடி ரோகிணிகிட்ட வர 2033 ஆகும். 27 பொண்டாட்டில ரோகிணிகிட்ட மட்டும் ஒட்டிக்கிட்டான்னு தட்சன் சாபம் விட்ட கதை இத பாத்துட்டுத்தான் கட்டியிருப்பாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம், ஆதாரம் எல்லாம் கேக்காதீங்க.

———

அண்ணே, ஆப்பும் வேணாம் பெல்ட்டும் வேணாம். கார்த்திகை தீபத்தன்னிக்கு நிலா கார்த்திகைகிட்ட நிக்கும்ல, மறுநாள் ராத்திரி அதே நிலா ரோகிணிகிட்ட வந்துடும். நிலா வெளிச்சத்துல கார்த்திகையோட ஆறுமீன் கூட்டம் கரைஞ்சு போயிடும், இது மட்டும் அசராம தெரியும். நாங்க திருவண்ணாமலைல அப்படித்தான் புடிச்சோம், மலை மேல தீபமும் எரிஞ்சுட்டுதான் இருக்கும். மழை விட்டா உண்டு, இல்லன்னா தை மாசம் வரைக்கும் பொறுக்க வேண்டியதுதான்.