வாட்ஸ்அப் குழு: பெரிய வீட்டுச் சொந்தம்

செல்வி (காலை 6:42): பெரியம்மா, உமா அண்ணி, அடுத்த மாசத்துக்கு வீட்டுச் சமையலைத் திட்டம் போடணும். நாங்க ரெண்டு பேர், பசங்க 12 வயசும் 7 வயசும், அப்புறம் எங்க அத்தை. அத்தைக்குச் சர்க்கரை, பல்லும் சரியில்ல. தினம் சாம்பார், பொரியல்தான். பசங்க நாலு மணிக்கே பசிக்குதுங்கறாங்க. செலவு ஏறாம என்ன மாத்தலாம்?

உமா அண்ணி (6:50): சாம்பாருக்குப் பருப்பு எவ்ளோ?

செல்வி (6:51): 100 கிராம், ரெண்டு வேளைக்கும்.

உமா அண்ணி (6:58): அங்கதான் குறை. ஆளுக்கு 20 கிராம் பருப்பு, அதுல புரதம் நாலரை கிராம்தான் வரும். 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு சுமார் 50 கிராம் வேணும். ஐசிஎம்ஆர், அதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், போட்ட 2024 உணவு வழிகாட்டி, பெரியவங்களுக்குப் பருப்பு, பயறு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 85 கிராம் சொல்லுது. உங்க வீட்டுல சோறுதான் வயித்த நிரப்புது, அதான் சீக்கிரம் பசிக்குது. என்ன காய்னு யோசிச்சு மெனு போடாத. இன்னிக்கு என்ன பயறுன்னு முதல்ல முடிவு பண்ணு, காய் தானா அமையும்.

பெரியம்மா (7:05): சரியாச் சொன்னா உமா. செல்வி, சனி ராத்திரி அரை கிலோ பச்சைப்பயறு ஊறப்போடு, தனியா ஒரு கைப்பிடி பச்சரிசியும். ஞாயித்துக்கெழம காலையில பயறுல பாதிக்கு மேல எடுத்து, அரிசி, இஞ்சி, பச்சமிளகா, சீரகம், உப்பு போட்டு அரைச்சு தோசை ஊத்து. புளிக்கவே வேணாம். மாவு கெட்டியா இருக்கணும், நீர்த்துப் போனா கல்லுல ஒட்டிக்கும். உன் அத்தைக்கு இது மெத்துனு இருக்கும்.

பெரியம்மா (7:07): மீதிப் பயற வடிச்சு ஈரத்துணியில கட்டித் தொங்கவிடு. காலையும் சாயங்காலமும் அலசு. மறுநாள் முளை வந்துரும்.

செல்வி (7:09): முளை கட்டினா வழவழன்னு ஆகி நாத்தம் அடிக்குதே, ஏன் பெரியம்மா?

பெரியம்மா (7:13): தண்ணி முழுசா வடியல, இல்லன்னா காத்துப் போகாத டப்பாவுல மூடி வச்சிருப்பாங்க. வெயில் காலத்துல ரெண்டு தடவ பத்தாது, மூணு தடவ அலசணும். அப்படி வழவழப்பு வந்தத கழுவிச் சமைக்காத, கொட்டிரு.

உமா அண்ணி (7:15): முளைகட்டினத பச்சையா குடுக்காத, கிருமி இருக்கும். அஞ்சு நிமிஷம் ஆவியில வச்சு, தாளிச்சு, இறக்கினப்புறம் எலுமிச்சை பிழி. பயறுல இருக்கற இரும்பு உடம்புல சேர அந்தப் புளிப்பு உதவும். முருங்கைக்கீரைக்கும் இதான். சாப்பிட்ட உடனே காபி, டீ குடிச்சா இரும்பு சரியாச் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க.

முரளி சித்தப்பா (7:31): கணக்கு போட்டுப் பாத்தேன். உங்க அஞ்சு பேருக்கு மாசம் சுமார் 10 கிலோ பருப்பு, பயறு வேணும். துவரை 3, பச்சைப்பயறு 2½, கறுப்புக் கொண்டைக்கடலை 2, உளுந்து 2, மீதி தட்டப்பயறு. துவரைல ஒரு கிலோ ரேஷன்ல 30 ரூபாய்க்குக் கிடைக்கும், விடாம வாங்கு. அரிசியும் அங்க இலவசமா வருது. அந்த மிச்சத்தப் பயறுக்கு மாத்து. சாமை, தினை விலை அதிகம், இந்தத் திட்டத்துக்கு வேணாம். கேழ்வரகு மட்டும் வாங்கு. 100 கிராமுல 300 மில்லிகிராமுக்கு மேல சுண்ணாம்புச் சத்து இருக்கு.

செல்வி (7:34): கொண்டைக்கடலை எத்தன விசில் விட்டாலும் சில சமயம் கல்லு மாதிரி இருக்கு சித்தப்பா.

பெரியம்மா (7:40): பழைய கடலையா இருந்தா ராத்திரி முழுக்க ஊறினாலும் வேகாது. வேற காரணம் புளிப்பு. தக்காளியோ புளியோ சேர்த்து குக்கர்ல வச்சா தோல் இறுகிரும். வெந்து முடிஞ்ச பிறகுதான் புளித்தண்ணி ஊத்தணும். சாம்பார்லயும் அதே முறைதான். சோடா உப்புப் போடாத, சீக்கிரம் வேகும், ஆனா பி1 வைட்டமின் போயிரும்.

உமா அண்ணி (7:46): ஒரே தடவை 400 கிராம் கடலைய, பெரியம்மா சொன்ன மாதிரி வெறும் தண்ணியில வேக வை. பாதி அன்னிக்கே நாலு மணி சுண்டல், பசங்களுக்குத் தேங்காய் தூவி. மீதி மறுநாள் கத்திரிக்கா போட்ட புளிக்குழம்பு. அத்தைக்கு ஒரு கரண்டி எடுத்து மசிச்சுக் குழம்போட குடு, தனிச் சமையல் வேணாம். அவங்களுக்கு சோறு பாதி, கூட்டு ரெண்டு மடங்கு. சிறுநீரகத்துல ஏதாவது பிரச்சினை இருந்தா மட்டும் டாக்டர்ட்ட கேட்டுட்டுப் பயற அதிகமாக்கு.

உமா அண்ணி (7:48): தயிர, பால நிறுத்திராத. பி12 கீரையிலயும் பயறுலயும் கிடையாது.

செல்வி (7:52): செவ்வாய், புதன் என்ன வைக்க?

உமா அண்ணி (7:58): செவ்வாய் காலையில கேழ்வரகு அடை முருங்கைக்கீரை போட்டு, மதியம் தட்டப்பயறுக் குழம்பு, பூசணிப் பொரியல். புதன் இட்லி, மதியம் கீரைப் பாசிப்பருப்புக் கூட்டு, மோர். அன்னிக்கு நாலு மணிக்கு வறுத்த வேர்க்கடலை. வெள்ளிக்கெழம முழு அடை: அரிசி ஒரு பங்குன்னா துவரை, கடலைப்பருப்பு, உளுந்து சேர்த்து ஒரு பங்கு. அரிசிய அதிகமாப் போட்டா அடை விறைச்சிரும்.

முரளி சித்தப்பா (8:10): பூசணி, சுரை, கீரை எல்லாம் உழவர் சந்தையில காலையில நேரத்தோட போனாத்தான் நல்லதா கிடைக்கும். பயற மொத்தமா வாங்கினா ஒரு நாள் வெயில்ல காய வச்சு, நல்லா ஆறினப்புறம் டப்பாவுல போடு. சூட்டோட மூடினா உள்ள வேர்த்து வண்டு வந்துரும். மேல நாலு காய்ஞ்ச மிளகா போட்டுவை.

செல்வி (8:14): சரி சித்தப்பா. சனிக்கிழமை ராத்திரி பச்சைப்பயறுல ஆரம்பிக்கறேன்.

பெரியம்மா (8:15): ஊறவைக்கற தண்ணி பயறுக்கு மேல நாலு விரக்கடை நிக்கணும்.