மூண்டு சில்லு: ‘இணுவில் வீடு’ குழுவில ஒரு பின்னேரம்

தர்சினி அக்கா: எல்லாருக்கும் ஒரு விசயம். அப்பா திரும்பவும் சைக்கிளோட விழுந்திட்டார். பயப்பிடாதேங்கோ, முழங்கை மட்டும்தான் உரிஞ்சிருக்கு. சிக்னல்ல நிப்பாட்டேக்க இடக்கால் ஊண்டேல்லையாம்.

புவனா அத்தை: ஐயோ பிள்ளையாரே

புவனா அத்தை: பெரியண்ணைக்குப் பாரிசவாதம் வந்த பிறகும் ஆர் சைக்கிள் குடுத்தது??

பெரியம்மா: ஆர் குடுக்கிறது. கீழ்க் கெல்லர் அறைக்குள்ள கிடந்ததை அவரே எடுத்துக்கொண்டு போறார். சொல்லுக் கேக்கிற மனிசனே

ராசன் சித்தப்பா: காரும் ஓட விடேல்லை. சைக்கிளும் இல்லையெண்டால் மனிசன் என்ன செய்யிறது

பெரியம்மா: நீர் ஒண்டும் கதைக்காதையும் ராசன்

தர்சினி அக்கா: சண்டை பிடியாதேங்கோ. கோயில் தேருக்குக் கனால் வாய்க்கால் கரையால சைக்கிள்லதான் வருவன் எண்டு நிக்கிறார். அதுக்கு முதல் ஒரு முடிவு எடுக்கவேணும். குகன், நீ சொன்ன அந்தப் படுத்துக்கொண்டு ஓடுற சைக்கிள் என்னண்டு?

குகன்: படுக்கிறேல்லை அக்கா. சாய்மனைக் கதிரையில இருக்கிற மாதிரி இருந்து, முன்னுக்குக் காலை நீட்டி உழக்கிறது. மூண்டு சில்லு எண்டபடியால் நிண்டாலும் சரியாது, கால் ஊண்டத் தேவையில்லை. பெரியப்பா விழுறது நிப்பாட்டுற இடத்திலதானே. ஏத்தத்தில நடக்கிற வேகத்தில போனாலும் இது ஆடாது.

குகன்: இதில ரெண்டு வகை. முன்னுக்கு ரெண்டு சில்லு, பின்னுக்கு ஒண்டு எண்டால் நல்ல பதிவா இருக்கும், வேகமாப் போகும், வளைவில பிடிச்சு நிக்கும். ஆனா எழும்பேக்க முழங்கால் கத்தும். முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ரெண்டு எண்டால் இருக்கை உயரம். பக்கத்தால வந்து அப்பிடியே குந்தலாம், சின்ன இடத்திலயும் திருப்பலாம். பெரியப்பாவுக்கு இதுதான் சரி. ஆனா கெதியா வளைச்சால் உள்பக்கச் சில்லு கிளம்பும். வளைவுக்கு முதலே மெதுவாக்கி உடம்பை உள்பக்கம் சரிக்கப் பழகவேணும்.

நிரூ: நான் ரெண்டு சில்லில ஓடிக் காட்டுவன் 😎

தர்சினி அக்கா: நிரூ 😡

குகன்: இது புதுசும் இல்லை. 1933 இல பிரான்சில ஃபோர் எண்டவர் இப்பிடிச் சாய்ஞ்சிருந்து ஓடுற ரெண்டு சில்லுச் சைக்கிள்ல ஒரு மணித்தியாலத்தில 45 கிலோமீற்றர் ஓடினவர். அடுத்த வருசம் சங்கக்காரர் இந்த வகையைப் போட்டியில ஓடேலாது எண்டு தடுத்துப் போட்டினம்.

ராசன் சித்தப்பா: பெரியண்ணை போட்டிக்கே போறார்

புவனா அத்தை: எவ்வளவு நீளமா எழுதுறான் இவன் 🙄

குகன்: எழுதத்தான் வேணும் அத்தை. போன கிழமை நானும் பெரியப்பாவும் இஞ்ச ஜேர்மனியில வால்ட்ரொப் எண்ட ஊருக்குப் போனனாங்கள். பழைய நிலக்கரிச் சுரங்கக் கட்டிடத்தில ஹாசெ எண்ட கொம்பனி உதுகளைச் செய்யுது. ஓடிப் பாக்க விட்டவை.

பெரியம்மா: என்ன??

பெரியம்மா: எனக்கு டொக்டரிட்டப் போறம் எண்டெல்லோ சொன்னவர்

பெரியப்பா: ஓடினன். விழேல்லை. நாரி நோகேல்லை.

பெரியம்மா: வீட்ட வாங்கோ கதைக்கிறன்

குகன்: பெரியம்மா, இதைக் கவனமா வாசியுங்கோ. ஓடத் தொடங்கினவுடன இடக்கால் மிதியில இருந்து வழுக்கினது. இதில உண்மையான ஆபத்து அதுதான். கால் நிலத்தில பட்டால் சைக்கிள் காலுக்கு மேலாலயே போகப் பாக்கும், கணுக்கால் முறியும். அங்க நிண்ட பெடியன் குதியைத் தாங்கிற கோப்பையும் வாரும் உள்ள மிதியைப் பூட்டிக் கட்டிவிட்டான், பிறகு கால் அசையேல்லை. இடக்கை பலமில்லைத்தானே, பிறேக், கியர் எல்லாத்தையும் வலப்பக்கம் போடலாமாம். ஒரு பிடியிலயே ரெண்டு பிறேக்கும் இழுக்கும். ஏறி இறங்கேக்க உருளாமல் பூட்டி வைக்கலாம்.

புவனா அத்தை: அவ்வளவு பதிவா இருந்தால் லொறிக்காரனுக்குத் தெரியுமே?

குகன்: பெரியப்பா ஓடினதில இருந்தால் கண் கார்க்காரன்ர கண் உயரத்துக்குக் கிட்ட வரும். பின்னால வாற கார் வடிவாக் காணும். வலப்பக்கம் திரும்புற லொறி, பார்க்கிங்கில பின்னுக்கு எடுக்கிற கார், வேலி மறைக்கிற வாசல், இந்த மூண்டுக்கும்தான் எனக்குப் பயம். காலும் மிதியும் முதல்ல றோட்டுக்கு வரும், தலை பின்னுக்கு நிக்கும். அதால மறைவு மூலையில நிப்பாட்டித்தான் போகவேணும். உயரக் கொடி, பகலிலயும் லைற், ரெண்டு பக்கமும் கண்ணாடி கட்டாயம். சாய்ஞ்சிருந்து கழுத்தைத் திருப்பிப் பின்னுக்குப் பாக்கிறது கஸ்டம்.

பெரியம்மா: தேர் அண்டைக்கு மோதகத்துக்கு ஆர் மா வறுக்கிறது? போன முறை மாதிரி எல்லாம் என்ர தலையிலயோ

ராசன் சித்தப்பா: போன முறை நாங்கள் மூண்டு பேர் நிண்டம் அண்ணி

தர்சினி அக்கா: அம்மா பிறகு 🙏 குகன், காசு?

குகன்: மோட்டர் இல்லாமல் 3000 யூரோவுக்கு மேல. மோட்டரோட 6000 தாண்டும். பாவிச்சதும் தேடலாம். கிறாங்கன்காச (மருத்துவக் காப்புறுதி) வளர்ந்த ஆக்களுக்கு லேசில குடுக்காது, கேட்டுத்தான் பாக்கவேணும்.

புவனா அத்தை: 6000 ஆ!! அதுக்கு ஊரில கோயில் மதில் கட்டலாம்

ராசன் சித்தப்பா: மதிலுக்கு ஆர் ஆர் காசு தந்தது எண்டு நானும் சொல்லட்டே

புவனா அத்தை: அப்பாவின்ர றலிச் சைக்கிளை வித்த காசு எங்க போனது எண்டு நீர் முதல்ல சொல்லும்

பெரியப்பா: றலியை விக்கேல்லை. இடம்பெயரேக்க விட்டிட்டு வந்தது. புவனா, பெற்றோல் இல்லாத காலத்தில உன்னை அதின்ர கரியரில இருத்திக் கிளாலி மட்டும் உழக்கினவன் நான்.

புவனா அத்தை: தெரியும் பெரியண்ணை

புவனா அத்தை: நான் 1000 போடுறன். டொலர்.

நிரூ: அத்தை ❤️

ராசன் சித்தப்பா: மோட்டர் போட்டால் லைசன்ஸ் வேணாமோ? அவரைத்தான் ஓடவேண்டாம் எண்டு டொக்டர் சொன்னது

குகன்: மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல உதவாத 250 வாற் மோட்டர் எண்டால் இஞ்ச சட்டப்படி அது சைக்கிள்தான், லைசன்ஸ் தேவையில்லை. ஆனா டொக்டரிட்டக் கேக்காமல் வாங்கக்கூடாது சித்தப்பா. பெரியப்பாவுக்கு இடப்பக்கம்தானே பாதிச்சது. அப்பிடி வந்த ஆக்கள் சிலருக்கு இடப்பக்கத்தால வாறது கண்ணில படாது, படாதது அவைக்கே தெரியாது. அது இருந்தால் எத்தினை சில்லு எண்டாலும் காப்பாத்தாது. முதல்ல அந்தப் பரிசோதனை, பிறகுதான் காசு.

தர்சினி அக்கா: இது அப்பாவுக்குத் தெரியுமோ?

பெரியப்பா: தெரியும். திங்கக்கிழமை கேக்கிறன்.

பெரியம்மா: நானும் வாறன். உங்களை நம்பேலாது

குகன்: கோயில் மட்டும் கனால் கரையால கனதூரம் லொறி இல்லாமல் வரலாம். ஆனா மோட்டச்சைக்கிளை மறிக்கப் போட்ட கம்பித் தடுப்புகளுக்குள்ளால மூண்டு சில்லு நுழையாது. ஞாயிறு நான் ஓடிப் பாத்துச் சொல்லுறன். தேர்ச் சனத்துக்குள்ள எப்பிடியும் விடேலாது, தூரத்திலயே விட்டிட்டு நடக்கவேணும்.

தர்சினி அக்கா: வீட்டில எங்க வைக்கிறது? கெல்லர் படியால தூக்கேலாதே

குகன்: தனிய ஒருத்தர் தூக்கேலாது. நாங்கள் பாத்ததைப் பின்பக்கத்தில ஊண்டி நிமித்தி வைக்கலாம், கொஞ்ச இடம் போதும். சித்தப்பான்ர கராஜ்?

ராசன் சித்தப்பா: அதுக்குள்ள கோயில் கதிரை கிடக்கு

பெரியம்மா: ரெண்டு வருசமாக் கிடக்கு

ராசன் சித்தப்பா: சரி சரி. எவ்வளவு அகலம் வரும்?

குகன்: 80 சென்ரிமீற்றர் பக்கம், மாதிரிக்கு மாதிரி மாறும். பக்கக் கதவை அளந்து அனுப்புங்கோ.

ராசன் சித்தப்பா: [படம்] 83

குகன்: கைபிடியோடயோ, இல்லாமலோ?

நிரூ: அது அங்குலப் பக்கம்போல கிடக்கு, சித்தப்பா ரேப்பைத் திருப்புங்கோ