அழும்போது மட்டும் தெரிந்த வீக்கம்: குழந்தைகளின் குடலிறக்க அறுவை சிகிச்சை குறித்த எங்கள் அனுபவங்கள்

எங்கள் மகனுக்கு 14 மாதம் நடந்துகொண்டிருந்தது. குளிப்பாட்டும்போது அவன் வீறிட்டு அழ, வலது தொடைமடிப்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம் புடைத்ததை என் மாமியார்தான் முதலில் பார்த்தார். அழுகை அடங்கியதும் அது இருந்த சுவடே தெரியவில்லை. அரைஞாண் கயிற்றை இறக்கிக் கட்டினால் அமுங்கிவிடும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்ல, நாங்களும் இரண்டு வாரம் அப்படியே செய்தோம். தொப்புள் பிதுக்கம் பெரும்பாலும் வளர வளரத் தானாக மூடிக்கொள்ளும், தொடைமடிப்புக் குடலிறக்கமோ அப்படி மூடாது என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

மருத்துவரிடம் போன அன்று வீக்கம் வரவேயில்லை. கையிலிருந்த பொம்மையைப் பிடுங்கி அழவைத்தும் பயனில்லை. என் கணவர் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த படம்தான் கைகொடுத்தது. அதைப் பார்த்த குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர், விரல் நுனியால் அந்த இடத்தை மெல்ல உருட்டி, இரண்டு பட்டுத்துணிகள் உரசுவதைப் போன்ற வழுவழுப்பு தட்டுப்படுகிறது என்றார். பிறகு மருந்துச் சீட்டின் பின்புறத்தில் படம் வரைந்து விளக்கினார். கருவில் வயிற்றுக்குள் இருக்கும் விதை கீழே இறங்கும் பாதையில் வயிற்றின் உள்ளுறை ஒரு குழாய்போல நீண்டிருக்கும். அது தூர்ந்துபோகாமல் திறந்தே இருந்தால் குடல் அதன் வழியே நழுவி வரும். தசை பலவீனத்தால் வருவதன்று என்பதால், பெரியவர்களுக்கு வைப்பதைப் போன்ற வலை தேவையில்லை, குழாயின் வாயைக் கட்டினால் போதும் என்றார்.

லேப்ராஸ்கோபி முறையில் தொப்புளருகே 5 மில்லிமீட்டர் துளையிட்டு, கரியமில வாயுவால் வயிற்றைச் சற்று உப்பவைத்து, கேமராவைச் செலுத்துகிறார்கள். தொடைமடிப்புக்கு மேலே ஊசி நுழையும் அளவு குத்தி, அதன் வழியே நூலைக் குழாயின் வாயைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சிடுகிறார்கள். விந்துக்குழாயும் விதைக்குப் போகும் இரத்தக்குழாய்களும் அந்த வாயை ஒட்டியே ஓடுவதால், அவை நூலில் சிக்காமல் ஊசியை நகர்த்துவதே கைத்திறன். மறுபக்கத்திலும் வாய் திறந்திருந்தால் அதையும் மூடலாமா என்று முன்கூட்டியே கேட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். திறந்திருக்கும் எல்லாமே குடலிறக்கமாக மாறுவதில்லை, சில மருத்துவர்கள் அதைத் தொடாமல் விட்டுவிடுவார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. நாங்கள் சம்மதித்தோம், இடப்பக்கமும் திறந்தேதான் இருந்தது.

உண்மையில் எங்களை வாட்டியது அறுவை சிகிச்சையைவிட அன்றைய காலைப்பொழுதுதான். பசும்பால் 6 மணி நேரத்துக்கு முன்பும், தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தப்பட வேண்டும். பசியில் என் சேலைத் தலைப்பைச் சப்பிக்கொண்டிருந்தவனைத் தோளில் போட்டு வராந்தாவில் எத்தனை முறை நடந்திருப்பேனோ! மாலையே வீடு திரும்பினோம். இரண்டு நாள் பாரசிட்டமால் கொடுத்தோம். மூன்றாம் நாள் கட்டிலிலிருந்து குதித்தான். தோலுக்கடியில் கடுகளவு முடிச்சு மட்டும் விரலில் தட்டுப்படுகிறது.

*

மேலே எழுதிய சகோதரிக்கு வாழ்த்துகள். துளையிட்டுச் செய்யும் முறைதான் உயர்ந்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். எங்கள் பையன் 30 வாரத்தில் பிறந்தவன். குறைமாதக் குழந்தைகளிடம் இந்தக் குடலிறக்கம் மிகுதியாக வருகிறது. உடனே செய்துவிடுங்கள் என்று நான் மன்றாடியபோது, எங்கள் மருத்துவர் 2024-இல் ஜாமா (JAMA) என்ற மருத்துவ இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வைப் பற்றிச் சொன்னார். குறைமாதக் குழந்தைகளுக்குப் பச்சிளம் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முன்பே செய்தபோது 28 விழுக்காட்டினருக்குக் கடுமையான பாதிப்புகள் நேர்ந்தன. தாயின் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணி 55 வாரம் தாண்டும்வரை பொறுத்தபோது அது 18 விழுக்காடாக இருந்தது. காத்திருந்த மாதங்களில், வீக்கம் கல்லாக இறுகினாலோ, சிவந்தாலோ, குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தாலோ நள்ளிரவென்றும் பாராமல் ஓடிவர வேண்டும் என்று எழுதிக் கொடுத்த சீட்டைக் கதவிலேயே ஒட்டி வைத்திருந்தோம். கடைசியில் பழைய முறையில், தோல்மடிப்பில் சிறு கீறலிட்டே செய்தார்கள். மயக்கத்துக்குப் பின் மூச்சு இடையிடையே நின்றுபோகும் அபாயம் இருந்ததால், ஓரிரவு கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். இப்போது அந்தத் தழும்பை நானே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

*

பெண் குழந்தைகளுக்கும் இது வரும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என் மகளுக்கு மொச்சைக்கொட்டை போல உருண்டு, அழுத்தினாலும் உள்ளே போகாத ஒரு கட்டி இருந்தது. முதலில் காட்டிய இடத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று சொல்லி ஐந்து நாள் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஸ்கேனில் தெரிந்தது நெறியன்று, கீழிறங்கிய சூலகம். அது முறுக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்றுவிடக்கூடும் என்பதால் அந்த வாரமே லேப்ராஸ்கோபி செய்தார்கள். சூலகம் நல்ல நிறத்தில் இருப்பதைக் கேமராவில் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே குழாயின் வாயை மூடினார்கள்.

முதலில் எழுதிய சகோதரியிடம் ஒரு கேள்வி: அந்தக் கடுகளவு முடிச்சு பின்னால் கரைந்துவிட்டதா?

*

இல்லை, சகோதரி. அது கரையாத நூல் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சிவப்போ சீழோ வந்தால் காட்டச் சொன்னார்கள். இதுவரை எதுவும் வரவில்லை.