ஒரே பள்ளிக் கட்டடத்துக்கு மூன்று எஸ்டிமேட்: எந்த முறையை எடுப்பது?

கல்லுப்பட்டிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். டி.கல்லுப்பட்டி பக்கம் எங்கள் அறக்கட்டளைப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்ட இருக்கிறோம். கீழே மூன்று வகுப்பறை, மேலே மூன்று, வராந்தா, மாடிப்படி, கழிப்பறை எல்லாம் சேர்த்து 4,200 சதுரடி. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எவ்வளவு ஆகும் என்று நான் சொல்லியாக வேண்டும். கையில் இருப்பது ஒரு பிளான் படம் மட்டுமே. அஸ்திவாரம், தூண், கம்பி விவரம் காட்டும் ஸ்ட்ரக்சுரல் வரைபடம் இன்னும் வரவில்லை.

மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று தொகை வந்திருக்கிறது.

மேலூரில் எங்கள் அறக்கட்டளையே 2022-ல் 4,000 சதுரடியில் இதே மாதிரி ஒரு கட்டடம் கட்டியது. ஆன செலவு 68 லட்சம். அந்தக் கணக்கில் பார்த்தால் இங்கே 71.4 லட்சம். மதுரைப் பொறியாளர் ஒருவர் சதுரடிக்கு 2,300 ரூபாய் என்கிறார், அதாவது 96.6 லட்சம். உள்ளூர் மேஸ்திரி வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவதிலிருந்து தட்டோடு பதிப்பது வரை ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டி 82 லட்சம் என்கிறார்.

திட்ட மேலாண்மைப் பாடத்தில் முதலாவது ஒப்புமை முறை, இரண்டாவது அளவுரு முறை, மூன்றாவது கீழிருந்து கூட்டும் முறை என்று படித்திருக்கிறேன். கீழிருந்து கூட்டுவதுதான் துல்லியம் என்றும் படித்தேன். அப்படியானால் 82 லட்சத்தையே குழுவிடம் சொல்லிவிடலாமா?

மேலூர் பொறியாளர்:

தம்பி, பொறுங்கள். மேலூர் எங்கே, கல்லுப்பட்டி எங்கே? மேலூர்ப் பக்கம் செம்மண்ணும் பாறையும். கொஞ்சம் தோண்டினாலே கடினத் தரை கிடைக்கும், கருங்கல்லும் பக்கத்திலேயே. உங்கள் பக்கம் கரிசல். மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். பங்குனி, சித்திரையில் உங்கள் காட்டில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த மண்ணில் சாதாரண அஸ்திவாரம் போட்டால் சில வருடங்களில் ஜன்னல் மூலையிலிருந்து சுவர் சாய்வாகக் கீறிக்கொண்டு போகும்.

ஒப்புமை முறையில் குற்றமில்லை. பழைய வேலையும் புதிய வேலையும் உண்மையிலேயே ஒத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் இரண்டு கட்டடமும் தரைக்கு மேலே ஒன்று, தரைக்குக் கீழே வேறு. விலைவாசியும் அன்றைய விலைவாசி. சிமென்ட்டுக்கு அப்போது ஜிஎஸ்டி 28 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் 18. கூலியோ ஏறிக்கொண்டே இருக்கிறது. 68 லட்சத்தை 4,200-க்குப் பெருக்கிப் பார்த்தது பரப்பை மட்டும்தான் சரிசெய்திருக்கிறது.

மண் பரிசோதனை செய்தாயிற்றா? மேஸ்திரி அஸ்திவாரத்துக்கு என்ன எழுதியிருக்கிறார்?

ஒத்தக்கடை ஒப்பந்ததாரர்:

எனக்கு இது சுலபமாகத் தெரிகிறது. மேஸ்திரியின் 82 லட்சத்தில் ஜிஎஸ்டி இருக்காது. 18 சதவீதம் சேர்த்துப் பாருங்கள், 96.76 லட்சம் வருகிறது. பொறியாளர் சொன்னதோ 96.6. இரண்டு வழியில் போய் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டது. 97 லட்சம் என்று சொல்லுங்கள்.

அளவைக்காரி:

நான் குவான்டிட்டி சர்வே, அதாவது கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடும் வேலையில் இருக்கிறேன். ஒத்தக்கடை அண்ணன் சொல்வதை ஏற்க முடியவில்லை. அந்த இரண்டு தொகையும் பொருந்தியது தற்செயல்.

மேஸ்திரி எழுதிய சிமென்ட், கம்பி, எம்சாண்ட் விலையெல்லாம் கடை விலை. அதற்குள்ளேயே வரி இருக்கிறது. அறக்கட்டளையே பொருள் வாங்கிக் கொடுத்துக் கூலியை மட்டும் ஒப்பந்தமாக விட்டால் 82-ன் மேல் 18 சதவீதம் ஏறாது. பொருளோடு சேர்த்து முழு ஒப்பந்தமாகக் கொடுத்தால் ஒப்பந்ததாரர் பில்லில் 18 சதவீதம் போடுவார். ஆனால் பொருளுக்குக் கட்டிய வரியை அவர் வரவு எடுத்துக்கொள்வதால், அப்போதும் 82-ஐ அப்படியே 1.18-ஆல் பெருக்குவது கணக்காகாது.

தம்பி, நீங்கள் முதலில் செய்ய வேண்டியது மூன்று தொகைக்குள்ளும் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பார்ப்பது. மின் இணைப்பு, செப்டிக் டேங்க், பிளான் அனுமதிக் கட்டணம், பொறியாளர் கட்டணம், போர்வெல் ஆகியவற்றில் எது எதில் சேர்ந்திருக்கிறது? அதைச் சரிசெய்யாமல் முறையைப் பற்றி விவாதிப்பதில் பயனில்லை.

அடுத்தது, கீழிருந்து கூட்டுவதுதான் துல்லியம் என்பது வரைபடம் முழுமையாக இருக்கும்போது மட்டும். ஸ்ட்ரக்சுரல் வரைபடமே இல்லாதபோது மேஸ்திரி கம்பியின் எடையை எங்கிருந்து எடுத்தார்? மனக்கணக்கில்தான். ஒவ்வொரு வரியும் ஊகமாக இருக்கும் பட்டியல் நீளமாக இருப்பதால் மட்டும் நம்பகமாகிவிடாது.

கல்லுப்பட்டிக்காரன்:

அக்கா, பார்த்துவிட்டேன். மேஸ்திரி பட்டியலில் மின் இணைப்பு, செப்டிக் டேங்க், அனுமதிக் கட்டணம், பொறியாளர் கட்டணம் எதுவும் இல்லை. விசாரித்ததில் எல்லாம் சேர்த்து 6 லட்சம் வரும் என்கிறார்கள். போர்வெல் பள்ளியில் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் தண்ணீர் உப்பு. பொருளை நாங்களே வாங்கிக் கொடுப்பதாகத்தான் எண்ணம்.

அஸ்திவாரத்துக்கு "5 அடி வானம், கிராவல் நிரப்பி மட்டம்" என்று ஒரே வரி, 7 லட்சம். மண் பரிசோதனை செய்யவில்லை. இடத்துக்கு மேற்கே கண்மாய் இருக்கிறது.

மேலூர் பொறியாளர்:

அந்த ஒரு வரியில்தான் உங்கள் பிரச்சினை முழுவதும் இருக்கிறது. கட்டடம் முழுவதற்கும் ஒரே முறை என்று தேடாதீர்கள். சுவர், பூச்சு, தளம், கதவு, ஜன்னல் எல்லாம் தெரிந்த வேலை. அதற்கு மேஸ்திரி பட்டியலை வைத்துக்கொண்டு, பொதுப்பணித்துறை விலைப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சதுரடி ரேட்டைச் சரிபார்க்கும் கருவியாக மட்டும் வையுங்கள். அஸ்திவாரத்தைத் தனியே பிரித்து மூன்று புள்ளி முறையில் போடுங்கள்.

நல்லபடியாக நடந்தால் என்ன? 6 அடிக்குள் சுக்கான் (கரிசலுக்குக் கீழே வரும் கடினமான சுண்ணாம்பு அடுக்கு) தட்டிவிடும், ஆழமான அஸ்திவாரம் தேவைப்படாது. பெரும்பாலும் நடக்கக்கூடியது என்ன? கரிசல் கீழே போகும், அண்டர் ரீம் பைல் போட்டு மேலே பீம் ஓட்ட வேண்டும். அடியில் குமிழ் மாதிரி அகலும் இந்தப் பைல், அதாவது நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண், மண் ஊதிச் சுருங்கும் மேலடுக்கைத் தாண்டிக் கட்டடத்தைப் பிடித்துக்கொள்ளும். மோசமாகப் போனால் என்ன? கரிசல் இன்னும் ஆழம், நடுவில் ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டு லாரி உள்ளே இறங்காது. ரோட்டோரம் ஜல்லியைக் கொட்டி டிராக்டரில் அள்ள வேண்டும். உங்கள் தண்ணீர் உப்பு என்பதால் கான்கிரீட்டுக்கும் க்யூரிங்குக்கும் லாரித் தண்ணீர் வேறு.

இந்த மூன்றுக்கும் பைல் போடுபவர் ஒருவரிடம் தனித்தனியே தொகை கேட்டு வாருங்கள்.

கல்லுப்பட்டிக்காரன்:

கேட்டுவிட்டேன் சார். 9 லட்சம், 13 லட்சம், 23 லட்சம்.

அளவைக்காரி:

நல்லது. நடுத்தொகையை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுங்கள். 9 + 52 + 23 = 84. வகுத்தால் 14 லட்சம். அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958-ல் காலக் கணிப்புக்கு வந்த பெர்ட் முறையின் சூத்திரம் இது. செலவுக்கும் அப்படியே பொருந்தும். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்கும் எளிய சராசரியும் உண்டு, அதில் 15 வரும். நடுத்தொகையைச் சொன்னவர் பலமுறை பைல் போட்டவர் என்றால் முதல் சூத்திரம், இல்லையென்றால் இரண்டாவது.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. நடுத்தொகையிலிருந்து கீழே இறங்கினால் 4 லட்சம் மிச்சம், மேலே ஏறினால் 10 லட்சம் கூடுதல். இரண்டு பக்கமும் ஒரே தூரம் இல்லை. ஆகவே "கூட்டியோ குறைத்தோ 10 சதவீதம்" என்று குழுவிடம் சொல்லாதீர்கள், அது அவர்களைத் திசைதிருப்பும். பெரிய மதிப்பிலிருந்து சிறிய மதிப்பைக் கழித்து ஆறால் வகுத்தால் வரும் திட்ட விலக்கம், அதாவது தொகை எவ்வளவு ஆடலாம் என்பதன் அளவு, 2.33 லட்சம். எவ்வளவு கையிருப்பு வைப்பது என்று யோசிக்க அது உதவும்.

இப்போது கூட்டுவோம். 82-லிருந்து பழைய அஸ்திவாரம் 7-ஐக் கழியுங்கள், 75. புதிய அஸ்திவாரம் 14, விடுபட்டவை 6. ஆக 95 லட்சம்.

ஒத்தக்கடை ஒப்பந்ததாரர்:

அளவைக்காரி அம்மா சொன்ன வரிக் கணக்கு சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சுற்றிச் சுற்றி 97-க்குப் பக்கத்தில்தானே வந்து நிற்கிறீர்கள்?

அளவைக்காரி:

பக்கத்தில் வந்திருக்கிறது, உண்மைதான் அண்ணன். ஆனால் 97 என்று சொல்லியிருந்தால், மண் மோசமாகி 9 லட்சம் கூடும் அன்று ஏன் என்று தம்பியால் பதில் சொல்ல முடியாது. இந்த 95-ல் எந்த வரி எதனால் ஆடும் என்று அவர் விரல் வைத்துக் காட்ட முடியும். பணம் கொடுப்பவர்கள் நன்கொடையாளர்கள். அவர்களுக்கு அந்தப் பதில் கொடுக்க நாம் கடமைப்பட்டவர்கள்.

மேலூர் பொறியாளர்:

ஒரே தொகையாகச் சொல்லாமல் வரம்பாகச் சொல்லுங்கள் தம்பி. வரைபடம் இல்லாத தொடக்கக் கட்ட மதிப்பீட்டுக்கு, திட்ட மேலாண்மைக்கான அமைப்பான பிஎம்ஐ-யின் வழிகாட்டி உதாரணமாகக் காட்டும் வரம்பே 25 சதவீதம் கீழ், 75 சதவீதம் மேல். எல்லாம் தெளிவான பிறகுதான் அது 5 கீழ், 10 மேல் என்று சுருங்கும். உங்களுக்கு அவ்வளவு அகலம் வேண்டாம். 90 லட்சம் முதல் 1.15 கோடி என்று எழுதி, விலை எந்த மாதத்தினது, எதைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள் என்பதை அடியிலேயே குறியுங்கள்.

கையிருப்பையும் இரண்டாகப் பிரியுங்கள். தெரிந்த ஆபத்துக்கு, அதாவது மண், மழை, தண்ணீர் ஆகியவற்றுக்கு, ஒதுக்குவது உங்கள் கையில் இருக்கட்டும். யாரும் எதிர்பாராததற்கு ஒதுக்குவது குழுவின் கையில் இருக்கட்டும், அவர்கள் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது.

கல்லுப்பட்டிக்காரன்:

கூட்டம் முடிந்தது. 71 லட்சத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் முதலில் அதிர்ந்தார்கள். மேலூர் மண்ணையும் நம் மண்ணையும் விளக்கிய பிறகு கேள்விகள் மாறிவிட்டன. கட்டடத்துக்கு இப்போது ஒப்புதல் இல்லை. மண் பரிசோதனைக்கும் ஸ்ட்ரக்சுரல் வரைபடத்துக்கும் மட்டும் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். அவை வந்ததும் திருத்திய எஸ்டிமேட்டோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை இடத்தில் துளை போடச் சொல்லட்டும்?

மேலூர் பொறியாளர்:

குறைந்தது இரண்டு. ஒன்று கண்மாய்ப் பக்க மூலையில், மற்றொன்று அதற்கு எதிர் மூலையில். இரண்டும் வேறு வேறாக வந்தால் நடுவில் மூன்றாவது. துளை போடும்போது நேரில் நில்லுங்கள். எந்த ஆழத்தில் கரிசல் முடிந்து சுக்கான் தொடங்குகிறது, தண்ணீர் எங்கே வருகிறது என்று உங்கள் கையாலேயே குறித்துக்கொள்ளுங்கள். மண் எவ்வளவு ஊதும் என்ற சோதனையையும் அறிக்கையில் சேர்க்கச் சொல்லி முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். கேட்காவிட்டால் சில இடங்களில் அதை விட்டுவிடுவார்கள். அறிக்கை வந்ததும் அந்த 9, 13, 23 மூன்றையும் பைல் போடுபவரிடம் புதிதாகக் கேட்டு இங்கே போடுங்கள், சேர்ந்து கூட்டிப் பார்ப்போம்.